உர மூட்டையில் ஒரு கெமிஸ்ட்ரி கிளாஸ்!

‘பர்சன்டேஜ் காம்போசிஷன்’னு போர்டுல எழுதினதுமே பாதி கிளாஸ் கொட்டாவி விடும். அணு எடையைக் கூட்டு, வகு, நூறால பெருக்கு... பரீட்சை முடிஞ்சதும் மறந்துடு! ஆனா பாஸ், ஒரு விவசாயி கொடுக்கிற காசுக்கு நிஜமா என்ன கிடைக்குதுன்னு சொல்றது இந்தக் கணக்குதான்.

மண்ணூர் பக்கம் வந்து பாருங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு ரோடு முழுக்க கம்பெனி பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும்தான். நடுவுல மிச்சமிருக்கிற நெல் வயலுக்குப் போகுது யூரியா மூட்டை. அது மேல ‘நைட்ரஜன் 46%’னு அச்சடிச்சிருக்கும். அது என்ன 46?

யூரியா மூலக்கூறில் கார்பன் ஒண்ணு (12), ஆக்சிஜன் ஒண்ணு (16), நைட்ரஜன் ரெண்டு (28), ஹைட்ரஜன் நாலு (4). மொத்தம் 60. 28-ஐ 60-ஆல வகுத்து நூறால பெருக்கினா 46.67. சொக்கத்தங்கமா சுத்தமான யூரியாவே அவ்வளவுதான். ‘50% நைட்ரஜன் உள்ள யூரியா’ன்னு யாராவது விற்க வந்தா, லேபுக்கே போக வேண்டாம். பேப்பரும் பேனாவும் போதும், புளுகு அவுட்!

மூட்டைக் கணக்கு

நம்ம ஊர்ல பலர் கிலோவுல பேச மாட்டாங்க. ‘ஏக்கருக்கு ஒரு மூட்டை’ன்னுதான் பேச்சு. 2018 மார்ச்சில் யூரியா மூட்டை 50 கிலோவில் இருந்து 45 கிலோவாச்சு. மூட்டைக் கணக்குல போடறவங்க உபயோகத்தைக் குறைக்கணும்கிறதுதான் அரசாங்கத்தோட நோக்கம். 50 கிலோவில் நைட்ரஜன் 23 கிலோ. 45 கிலோவில் 20.7. அதே ஒரு மூட்டைதான், ஆனா பயிருக்கு 2.3 கிலோ கம்மி.

அம்மோனியம் சல்பேட் மூட்டையில் நைட்ரஜன் 20.6% மட்டுமே. ஒரு யூரியா மூட்டையோட நைட்ரஜன் வேணும்னா, இதுல 50 கிலோ மூட்டை ரெண்டு வாங்கணும் (கூடவே கந்தகம் கிடைக்கும், அது தனி லாபம்). ஆக, ‘மூட்டை என்ன விலை?’ன்னு கேட்டா பத்தாது. ‘ஒரு கிலோ சத்து என்ன விலை?’ன்னு கேட்கணும்.

கம்பெனி ஏமாத்துதா?

இப்போ பொட்டாஷ் மூட்டை. உள்ளே இருக்கிறது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் 39, குளோரின் 35.5, மொத்தம் 74.5. பொட்டாசியம் எவ்வளவு? 52%. மூட்டை மேல போட்டிருக்கிறதோ 60!

‘ஆஹா, மாட்டினாங்க’ன்னு போன் எடுக்காதீங்க. அந்த 60, பொட்டாசியம் இல்லை. ‘கே-டூ-ஓ’ங்கிற பொட்டாசியம் ஆக்சைடு. மூட்டைக்குள்ள ஆக்சிஜனே கிடையாது, அப்புறம் ஆக்சைடு எங்கிருந்து? அந்தக் காலத்து வேதியியல்காரர்கள் செடியை எரிச்சு, சாம்பலை எடை போட்டு, கணக்கை ஆக்சைடாவே எழுதினாங்க. அந்தப் பழக்கம் இன்னிக்கும் மூட்டை மேல ஒட்டிக்கிட்டிருக்கு.

ஆக்சைடுல பொட்டாசியம் 83%. அப்போ 60-ல நிஜப் பொட்டாசியம் கிட்டத்தட்ட 50. கணக்கு 52-க்குள்ள வந்துடுச்சு, கம்பெனி தப்பிச்சுது! சதவிகிதத்தைப் பார்த்தா முதல்ல கேட்க வேண்டியது ‘எவ்வளவு?’ இல்லை, ‘எதோட சதவிகிதம்?’

அணுவுக்கு முகம் இல்லை

பரீட்சையில் இதையே திருப்பியும் கேட்பாங்க. கார்பன் 20%, ஹைட்ரஜன் 6.67%, நைட்ரஜன் 46.67%, ஆக்சிஜன் 26.67%. ஃபார்முலா என்ன? ஒவ்வொண்ணையும் அதன் அணு எடையால வகுத்து, வர்றதில் சின்ன எண்ணால மறுபடி எல்லாத்தையும் வகுத்தா 1 : 4 : 2 : 1. யூரியாவே! ஆனா அம்மோனியம் சயனேட்டுக்கும் அச்சு அசல் இதே சதவிகிதம்தான். 1828-ல் வோலர் அதில் இருந்துதான் யூரியாவை உண்டாக்கினார். சதவிகிதம் அணுக்களை எண்ணும், அவ்வளவுதான். ஆள் யாருன்னு சொல்லாது.

இந்த ஓட்டையில் புகுந்ததுதான் 2008-ல் சீனாவில் நடந்த பால் கலப்படம். பாலில் புரதம் எவ்வளவுன்னு நேரா அளக்காம, நைட்ரஜனை அளந்து புரதமா கணக்குப் போட்டாங்க. தண்ணி கலந்த பாலில் மெலமைனைக் கொட்டினா? அதில் நைட்ரஜன் 66.7%! டெஸ்ட்டில் பால் பாஸ். ஆறு குழந்தைகள் இறந்தாங்க. சுமார் மூணு லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டாங்க, பலருக்குச் சிறுநீரகக் கல். கணக்கு போட்டவங்களுக்கு வகுத்தல் தப்பாகலை. அந்த நைட்ரஜன் யாரோடதுன்னுதான் யாரும் கேட்கலை.

இந்த வார ஹோம்வொர்க்

டி.ஏ.பி. மூட்டையில் 18-46-0ன்னு இருக்கும். அந்த 46, ‘பி-டூ-ஓ-ஃபைவ்’. பாஸ்பரஸ் 31, ஆக்சிஜன் 16. நிஜ பாஸ்பரஸ் எவ்வளவு? கேன்டீன் பில்லுக்குப் பின்னாடியே போட்டுடலாம். விடை 20 வந்தா காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆஸ்திரேலியாவில் அதே உரத்தோட மூட்டையில் 46 இருக்காது, நேராவே 20தான் இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, தாத்தாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. அஞ்சு மார்க்கை விட அது பெருசு!