கேளிக்கையும் நிலைபெற்ற சமாதானமும்

மனம் சோர்ந்தவிடத்து ஏதேனும் ஒரு கேளிக்கையை நாடினால் அமைதி தானே வந்தெய்தும் என்னும் எண்ணம் இக்காலத்து வாலிபரிடையே வேரூன்றியிருக்கின்றது. கைபேசித் திரையாயினும், சினிமாவாயினும், ஆலயத் திருநாளில் நிகழும் இன்னிசைக் கச்சேரியாயினும், கவலையைச் சிறிது பொழுது மறப்பித்தாற் போதும் என்பர். இவ்வெண்ணம் கிறிஸ்தவ ஜீவியத்திற்கு ஏற்புடைத்தோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கேளிக்கை முற்றும் தீது என்று கூறுதல் நம் கருத்தன்று. நம் ஆண்டவரும் கானாவூர்க் கலியாணத்துக்குச் சென்றார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), பொதுமக்கள் விரும்பிக் கேட்கும் குறவஞ்சி வகையையே மேற்கொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். ஆகவே பாட்டும் கூத்தும் பக்திக்குப் பகையல்ல. கேளிக்கை தரவியலாததை அதனிடம் கேட்பதே பிழையாம். அஃது உடலின் களைப்பை ஆற்றும். மனச்சாட்சியின் உறுத்தலை ஆற்றாது. துக்கத்தை மறைக்கும், தீர்க்காது. ஆட்டம் ஓய்ந்து விளக்கணைந்தபின், விட்டுச்சென்ற கவலை வீட்டுவாயிலிலே காத்திருக்கக் காண்கிறோம் அன்றோ?

அங்ஙனமாயின் நிலைபெற்ற சமாதானம் யாது? அம்பகரத்தூரிலிருந்து கீழ்த்திசைக் கடற்கரையை அடைந்து வடக்கே சென்றால் தரங்கம்பாடி தொலைவன்று. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், 1708-ஆம் ஆண்டின் இறுதியில் டேனியக் கோட்டைத் தலைவரால் சிறைப்பட்டு ஏறக்குறைய நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். அங்கே அவருக்குக் கேளிக்கை ஏது? எனினும் வெளிவந்தபின் மனமுறிந்து தம் பணியைக் கைவிட்டாரில்லை. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டில், 36-ஆம் வயதில், ஐயர் தேவனடி சேர்ந்தார். புறத்தேயிருந்து வரும் இன்பத்தைப் பற்றி நின்றவராயின், அச்சிறையிலேயே அவர் ஊக்கம் அவிந்திருக்கும்.

பெட்போர்டுச் சிறையில் பன்னீராண்டு கழித்த ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலைத் தழுவியே, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தை நமக்குத் தந்தார். பனியன் காட்டும் மாயச்சந்தை மோட்ச யாத்திரிகர் செல்லும் வழியிலேயே உள்ளது. அதனைக் கடவாமல் அப்பாற் செல்லுதல் இயலாது. ஆயினும் சந்தைக்குச் சென்றவன் அங்கேயே வீடு கட்டிக் குடியிருப்பானோ?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதியை நம் கரையோரத்தார் மறவார். முந்தின நாள் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி. மறுநாட் காலை காரைக்கால் மீனவர் ஊர்களிலும் வேளாங்கண்ணிக் கரையிலும் ஆழிப்பேரலையின் அழிவு. பிள்ளையை இழந்த தாய்க்கு எந்தக் கச்சேரி ஆறுதல் தரும்? சமாதானம் என்பது கண்ணீரில்லாமை என்று எண்ணற்க. இலாசருவின் கல்லறையண்டையில் இயேசுவும் கண்ணீர் விட்டார். அழுகையினூடும் தேவன் கைவிடார் என்று பற்றிநிற்கும் உறுதியும், அழுவாரோடு உடனிருந்து அழும் அன்புமே அச்சமாதானம்.

ஆதலின் நம் திருநாட்களை நடத்தும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். கலைநிகழ்ச்சி இருக்கட்டும், ஒலிபெருக்கியை அரைமணி நேரமேனும் நிறுத்தி மௌன ஜெபத்திற்கு இடந்தாருங்கள். அவ்வாண்டு துக்கமடைந்த வீடுகளுக்குத் திருநாளன்றே சிலர் சென்று வரட்டும். மாணவ சகோதரரே, நாடோறும் அந்திப் பொழுதிற் கால்மணி நேரம் கைபேசியை அப்புறம் வைத்துத் தேவசமுகத்தில் தனித்திருந்து பாருங்கள். முதலிற் சலிப்பே தோன்றும். அதற்கு அஞ்சி எழுந்துவிடாதீர்கள். நாம் இதுகாறும் கேளிக்கையால் மூடிவைத்த கவலைகள் அப்பொழுதே வெளிப்படும். வெளிப்பட்டவற்றையே அவர் பாதத்தில் வைத்தல் கூடும். உலகம் கொடாத சமாதானத்தை உலகம் எடுத்துக்கொள்ளவும் மாட்டாது.