பிறந்த நாளை ஏன் அச்சிடவில்லை?

இவ்வாண்டு மலரைப் புரட்டும் பெற்றோர் ஒரு குறையை உடனே காண்பர். வகுப்புப் படங்களின் கீழே மாணவர் பெயர்கள் உள்ளன. முந்தைய மலர்களில் பெயரை அடுத்து இடம்பெற்ற பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் இல்லை. மலர்க் குழுவினர் மறந்துவிட்டனர் என்று எண்ண வேண்டா, வேண்டுமென்றே விட்டோம். சிலருக்கு இது மனக்குறை என்பதை அறிவோம். ஆதலின் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முன்பெல்லாம் மலர் அச்சானால் வீட்டிற்கு ஒரு பிரதி போய்ச் சேரும். உறவினர் பார்த்து மகிழ்வர். பிறகு அது அலமாரியில் உறங்கும். இன்றோ கைக்கு வந்த அன்றே அதன் பக்கங்கள் படமெடுக்கப்பட்டு முகநூலிலும் புலனக் குழுக்களிலும் ஏறிவிடுகின்றன. கிள்ளானில் அச்சிட்டது மாலைக்குள் எந்த நாட்டில் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிறந்த நாள் தெரிந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். நம் நாட்டில் பிறந்த நாள் வெறும் பிறந்த நாள் அன்று. அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 பிறந்த மாநிலத்தைக் காட்டும்; சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14 என்பது பலரும் அறிந்ததே. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இனி, அன்னையொருவர் தம் மகனின் பிறந்த நாள் படத்தை முகநூலில் இடுவதாகக் கொள்வோம். அணிச்சலின் மேல் 7 என்ற மெழுகுவத்தி; படத்தின் கீழே, "கிள்ளான் மருத்துவமனையில் பிறந்த எங்கள் செல்லம்" என்று ஒரு வரி. அன்பினால் எழுதிய வரிதான். ஆனால் 8 இலக்கங்கள் வெளியே போய்விட்டன. ஆறாமாண்டு மாணவர்கள் மீதியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஞ்சிய 4 இலக்கங்களை 10,000 வகையாக எழுத இயலும். பிள்ளை ஆண் என்பது தெரிந்தமையால் அது 5,000 ஆகக் குறைகிறது. அந்தச் சிரமமும் வேண்டாதபடி, போட்டிகளில் கிடைக்கும் சான்றிதழ்கள் சிலவற்றில் பெயருக்குக் கீழே எண் முழுமையாகவே அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அதனையும் பெருமையோடு படமெடுத்து அனுப்புகிறோம்!

கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம், வீட்டையும் மாற்றலாம். பிறப்புப் பத்திரத்தில் பதிந்த இந்த எண், பன்னிரண்டு வயதில் மைகாட் பெறும்போதும், வங்கியில் கணக்குத் திறக்கும்போதும், ஊழியர் சேமநிதியில் சேரும்போதும் அதே பிள்ளையுடன் நடந்து வரும். ஏழு வயதில் நாம் கைநழுவவிட்டது நாற்பது வயதிலும் திரும்பி வராது.

இவ்வெண்ணைக் கொண்டு ஏமாற்றுவோர் செய்வதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும். தொலைபேசி ஒலிக்கும். எடுத்தவரின் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறுமுனையில் ஒருவன் பிழையின்றி ஒப்பிப்பான். காவல்துறை என்பான், நீதிமன்றம் என்பான், வங்கி என்பான். இவ்வளவு தெரிந்தவன் அதிகாரியாகத்தான் இருப்பான் என்று கேட்பவர் நடுங்கிப்போவார். மக்காவ் மோசடி என்று நாளேடுகள் எழுதுவது இதனைத்தான். உழைத்துச் சேர்த்த பணத்தை அனுப்பிவிட்டவர் வெட்கப்பட்டு ஒளியாமல், உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய மோசடித் தடுப்பு மையம் 2022 அக்டோபரில் இதற்கென்றே அமைக்கப்பட்டது. கைப்பேசிக்கு வரும் 6 இலக்கக் குறியீட்டை எவர் கேட்டாலும், கேட்பவர் சொந்த அத்தையே ஆயினும், தருதல் கூடாது. அத்தையின் புலனத்தை வேறொருவன் கைப்பற்றியிருக்கக் கூடும்.

"எல்லாம் எப்போதோ வெளியே போய்விட்டன, இனிக் காத்து என்ன பயன்?" என்பார் உண்டு. அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் களவு போய் விலை பேசப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அன்றைய மலேசிய மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம்தான். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் யாவும் அதில் அடக்கம். ஆனால் அவை பெரியவர்களின் விவரங்கள், அவற்றுட் பெரும்பாலானவை 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இன்று நம் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அப்போது தொட்டிலில் கிடந்தனர். பலர் பிறக்கவே இல்லை. அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. நாமே சேர்த்துவிட வேண்டுமா?

வேறொரு பேச்சும் காதில் விழுகிறது. லயத்தில் வாழ்ந்தவர்க்கு மறைவு ஏது என்கிறார்கள். ஒரு வீட்டுக் குழம்பு மணம் அடுத்த வீட்டிற்குத் தெரியும்; ஒரு வீட்டுச் சண்டை பிரட்டுக் களம்வரை கேட்கும். மெய்தான். ஆயினும் கேட்டவர் யார் என்பது நமக்குத் தெரிந்திருந்தது. அவரே நம் வீட்டுக் கலியாணத்திற்குப் பந்தல் போட்டார். துக்கத்திற்கும் வந்து நின்றார். ஊரிலிருந்து வந்த கடிதத்தை, படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டார் படித்துச் சொன்னார். படித்ததை மனத்தில் வைத்துப் பூட்டினார். புறம் பேசியவரை மறுநாள் நேரில் நிறுத்திக் கேட்கவும் முடிந்தது. முகநூலில் நம் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் முகம் நமக்குத் தெரியாது.

நாம் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு. சொல்லியே தீர வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் நல்லுள்ளம் படைத்தோர் பலர் பள்ளிகளுக்குப் புத்தகப்பையும் காலணியும் கொண்டு வருகின்றனர். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் பையைப் பெறும் பிள்ளையை முன்னே நிறுத்திப் படமெடுத்து, தந்தை இல்லாதவன், வறிய குடும்பம் என்று எழுதி உலகிற்கு அறிவிக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. பை ஓராண்டில் கிழிந்துவிடும். அந்தப் படம் கிழிவதில்லை. அப்பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின், உடன் பயிலும் ஒருவன் அதனைத் தேடி எடுத்து வகுப்பிலே காட்டினால் அவன் தலை குனிய மாட்டானா? கொடுத்ததற்குச் சான்று வேண்டுவோர் பைகளைப் படமெடுக்கட்டும். இதனால் சில கொடையாளர் மனம் வருந்தலாம். வருந்தினும் பரவாயில்லை என்பதே நம் கருத்து.

சட்டம் காக்காதா என்றால், 2013 நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிகத் தொடர்பான விவரங்களுக்கே உரியது. குடும்பக் காரியமாக ஒருவர் வெளியிடுவது அதன் எல்லைக்குள் வாராது. தாய் இடும் படத்தைத் தடுக்க எந்த அதிகாரியும் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. முகநூல் 2006இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோதே 13 வயது நிரம்பாதோர்க்கு அங்கு இடமில்லை என்று விதித்தனர். அப்படியிருந்தும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பிறந்த ஆண்டைக் கூட்டிச் சொல்லி நுழைந்திருப்பதையும், சில வீடுகளில் பெற்றோரே அதற்கு உதவியதையும் காண்கிறோம்.

அடுத்த ஆண்டு மலருக்கான படிவத்தை இம்மாத இறுதியில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். படம் வெளியிட இசைவு தெரிவிக்கப் பெற்றோர் கையெழுத்திட ஒரு கோடு உண்டு. அதன் கீழே இன்னொரு கோடும் இருக்கும், அது பிள்ளைக்குரியது. முதலாமாண்டு மாணவர் எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதினால் போதும். எழுத மனமில்லையேல், அவ்விடத்தை வெற்றாகவே விட்டுத் திருப்பி அனுப்புக.