பிரம்பும் கரைவலையும்

'அடியாத மாடு படியாது' என்பதைக் கல்வியின் மூலமந்திரமாகக் கொண்டோர் இன்றும் நம்மிடையே பலர். பிரம்பு போயிற்று, அதனோடு ஒழுக்கமும் போயிற்று என்பது அவர்தம் புலம்பல். பிரம்பு எங்கே போயிற்று? கற்பிட்டி முதல் உடப்பு வரையுள்ள எமது கரையோரத்தை அறிந்தோர், அது மேசையிலிருந்து அலுமாரிக்குள் இடம் மாறியதையே அறிவர்.

ஆசிரியர் தம் விவேகத்தை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனைக் கசையால் அடிப்பது குற்றமாகாது என உதாரணங்காட்டி எழுதியது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதனை நமக்களித்த ஆங்கிலேயர் தம் அரச பாடசாலைகளில் 1987இல் பிரம்பைக் கைவிட்டனர். இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 2005இல் குற்றவாளிகளுக்கு விதிக்கப்பட்டு வந்த கசையடியைப் பாராளுமன்றம் தனிச்சட்டத்தால் ஒழித்தது. அதே ஆண்டு பாடசாலைகளுக்குக் கிடைத்ததோ 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம். கள்வனின் முதுகைச் சட்டத்தாற் காத்த நாடு, குழந்தையின் முதுகைக் கடிதத்தாற் காக்க முனைந்தது! 2017இல் தென்னிலங்கை மாணவன் ஒருவன் ஆசிரியரின் அறையாற் செவிப்புலன் பாதிப்புற்றான். அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

நகரத்துப் பிள்ளை அடிபட்டாலும் மறுநாள் பாடசாலைக்கே வருவான், போக வேறிடமில்லை. எமது பிள்ளைக்கோ இடமுண்டு. கரைவலை இழுக்க எத்தனை கைகளும் வேண்டும். கருவாட்டு வாடியிலும் உப்பளத்திலும் அவ்வாறே. சோளகக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிற் சில குடும்பங்கள் தொழில் தேடிக் கிழக்குக் கரைக்குப் பெயர்கின்றன. திரும்பிவரும் பிள்ளை பல பாடங்களைத் தவறவிட்டிருப்பான், கணக்கு விளங்காது, பயிற்சிக் கொப்பி வெறுமையாயிருக்கும். விளங்காமைக்கு அடி, வராமைக்கு அடி. அடிக்கஞ்சி மறுநாளும் வாரான்; வந்தால் அதற்கும் அடி. கடற்கரையில் யாரும் அவனிடம் வீட்டுவேலை கேட்பதில்லை. வலை இழுத்தால் அன்றே கையில் பங்கும் கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளை இவ்விரண்டில் எதைத் தேர்வான் என்பதை ஊகிக்க உளவியற் பட்டம் வேண்டியதில்லை.

பெற்றோரே, 'கண்ணை விட்டுத் தோலை உரியுங்கள்' என்று ஒப்படைக்கின்றனரே எனச் சிலர் வாதிடுவர். தாம் பெறாத கல்வியைப் பிள்ளையேனும் பெறட்டும் என்ற ஏக்கமே அங்கு அவ்வாறு பேசுகிறது. அதனை அடிப்பதற்கான அனுமதிப்பத்திரமாகக் கொள்ளுதல் நேர்மையன்று. வீட்டில் அடிக்கப்படும் பிள்ளைகள் குறித்து, ஏறத்தாழ 160,000 சிறுவரை உள்ளடக்கிய 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதினர். அடி கீழ்ப்படிவை வளர்த்தமைக்கு அதிற் சான்றில்லை. முரட்டுத்தனமும் மனநலக் குறைவும் அடியோடு சேர்ந்தே காணப்பட்டன. நம் திண்ணைப் பள்ளிகளின் கோதண்டத்தை இன்று எவரும் போற்றுவதில்லை; அதன் பேரப்பிள்ளையான பிரம்பை மட்டும் ஏன் போற்றுகிறோம்?

ஆசிரியரின் இடர்களை நாம் மறுக்கவில்லை. நெருக்கமான வகுப்பறை, நிரப்பப்படாத வெற்றிடங்கள், மேலதிகாரிகளின் நெருக்குதல் யாவும் உண்மை. ஆயின் அவற்றுக்கான கோபம் அமைச்சை நோக்கித் திரும்ப வேண்டியது. முன்வரிசைப் பிள்ளையின் உள்ளங்கையை நோக்கியன்று.

இடைவிலகல் பற்றிய கூட்டங்களில் வறுமையும் பெற்றோரின் அறியாமையும் காரணங்களாக அடுக்கப்படுகின்றன. பிரம்பையும் அப்பட்டியலிற் சேர்த்து, விலகிய பிள்ளைகளிடமே வலயக் கல்வி அலுவலகங்கள் நேரிற் கேட்டெழுதட்டும். கேட்கச் செல்பவர் அப்பாடசாலையின் ஆசிரியராய் இருத்தலாகாது.