இருபத்தேழு என்டர்

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் பண்ணி, ‘‘மாமா, தீஸிஸ் பூரா கலைஞ்சு போச்சு’’ என்று அழுதாள். வைரஸ் என்று சந்தேகம். ஃபைலை வாங்கித் திறந்து பார்த்தேன். வைரஸ் இல்லை, என்டர்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் புதுப் பக்கத்தில் ஆரம்பிப்பதற்காக, முந்தையதன் கடைசி வரிக்குக் கீழே டக் டக்கென்று என்டர் தட்டியிருக்கிறாள். ஓரிடத்தில் எண்ணினேன், 27. முதல் அத்தியாயத்தில் நாலு வரி சேர்க்கச் சொன்னார் கைடு. சேர்த்தாள். அடுத்த தலைப்பு நாலு வரி கீழே இறங்கியது, அதற்கடுத்ததும் இறங்கியது. அட்டவணைகள் இரண்டாகப் பிளந்து, தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் தட்டுகிறீர்கள். ‘வேலை ஆனாப் போதாதா சார்?’ என்பீர்கள். ஆகவில்லையே! டைப்ரைட்டரில் அடித்த வரி அடித்த இடத்தில் நின்றது. உருளையைத் திருகிக் காகிதத்தை நகர்த்துவது அங்கே நியாயம். கம்ப்யூட்டரில் எதுவும் நிற்காது. பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்தின் அகலம் மாறும், வரிகள் கூடும், குறையும். அந்த எழுத்துரு இல்லாத ப்ரின்ட் கடைக்காரர் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதே கதி. நடுவே வெள்ளைப் பக்கம் விழும். அதற்கும் சேர்த்துக் காசு வாங்குவார்.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரே ஒரு என்டர். தீர்ந்தது. ‘இதற்குப் பின் வருவது புதுப் பக்கம்’ என்கிற ஒற்றைக் குறி அங்கே உட்கார்ந்துவிடும். முன்னால் நாலு வரி சேருங்கள், நாற்பது வரி வெட்டுங்கள், அசையாது. வேர்ட், லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் எல்லாவற்றிலும் இதே சாவிதான். புதிய சமாசாரமும் இல்லை. 1978-ல் வந்த வேர்ட்ஸ்டாரிலேயே வரி ஆரம்பத்தில் புள்ளி வைத்து ‘பிஏ’ என்று அடித்தால் பக்கம் முறியும். ஆஸ்கி அட்டவணையின் 12-ம் எண் ‘ஃபார்ம் ஃபீட்’. அடுத்த பக்கத்துக்குப் போ என்று பிரின்டருக்குச் சொல்வதற்கென்றே ஒதுக்கியது.

என் கோபம் அந்தப் பெண்மேல் இல்லை. மூன்று மாத கோர்ஸ் முடித்து, எம்.எஸ். ஆபீஸ் தெரியும் என்று சர்டிபிகேட் வைத்திருக்கிறாள். தலைப்பை வேர்ட் ஆர்ட்டில் வானவில் மாதிரி வளைக்கச் சொல்லித் தந்தார்களாம். பக்கத்தை முறிக்க அல்ல. காசு வாங்கிக்கொண்டு டைப்ரைட்டர் பழக்கத்தையே திருப்பி விற்றிருக்கிறார்கள். அத்தியாயத் தலைப்பின் ஸ்டைலிலேயே ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்று ஒரு டிக் போட்டால் கன்ட்ரோல் என்டர்கூடத் தேவையில்லை என்பதை அந்த வாத்தியாருக்கு யார் சொல்லித்தருவது?

சந்தேகமிருந்தால் உங்கள் ஃபைலைத் திறந்து, ஹோம் பட்டையில் திருப்பிப் போட்ட ஆங்கிலப் ‘பி’ மாதிரி இருக்கும் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். தட்டிய என்டர் அத்தனையும் வரிசையாக நிற்கும்.

அவளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் களைந்து முடிக்கும்போது மணி ரெண்டு. ‘‘கடைசிப் பக்கத்துல கைடு கையெழுத்துக்கு இடம் விடணும் மாமா. அதுக்கு மட்டும் நாலு என்டர் தட்டிக்கட்டுமா?’’ என்றாள்.

தட்டிக்கோ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.