ஐம்பத்தோராவது மீட்டர்
பதின்பருவத்தினரின் உடற்பருமனுக்கு அவர்களது 'உணவுப் பழக்கமே' காரணம் என்று கருத்தரங்குதோறும் ஓதப்படுகிறது. பழக்கத்தை ஊட்டியவர் யார்? கொல்கத்தாவின் ஜாதவ்பூரில், 8பி பேருந்து நிலையத்தருகே பள்ளி விட்டு வரும் மாணவரை எதிர்கொள்பவை முட்டை ரோல் கடையும் ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் சரங்களுமே.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. ஐம்பத்தோராவது மீட்டரில் அக்குழந்தையின் உடல் வேறாகிவிடுமா? சிலி நாடு 2016இலேயே பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நம் ஆணையமோ 2022இல் நட்சத்திர மதிப்பீட்டை முன்மொழிந்தது. மிகக் கேடான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டாம்!

விலையையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, 'வாரத்தில் எத்தனை முறை ரோல் உண்டாய்?' என்று மட்டும் வினவும் ஆய்வு, குற்றவாளியை முன்பே தீர்மானித்துவிட்டது.