புழக்கடையில் ஒரு பேரடுப்பு

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சேலத்துக் கடைவீதிப் பக்கம் போனால் ஒரு சங்கீதம் காதில் விழும். இரும்புக் கரண்டியும் இரும்புச் சட்டியும் மோதிக்கொள்ளும் தாளம். அதற்குச் சுருதி சேர்ப்பதுபோல் 'ஹோ'வென்று சீறும் அடுப்பின் இரைச்சல். தள்ளுவண்டிக்காரர் ஒரு கையால் சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். சோறும் கோசும் முட்டையும் ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்துவிட்டு இறங்குகின்றன. மூன்றே நிமிஷத்தில் 'ஃபிரைடு ரைஸ்' தட்டுக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் நம் குழந்தைகள், "அம்மா, நீ செய்தால் மட்டும் ஏன் இப்படி வருவதில்லை?" என்று கேட்டுவைக்கின்றன. நமக்குச் சுருக்கென்கிறது!

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதமும் இதைப் பற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டிக் கடைக்கு ஆகிற செலவைப் பார்த்து அவர் வீட்டுக்காரர் மலைத்துப் போனாராம். நேரே போய் ஹோட்டல்களில் வைக்கிற பெரிய பர்னர் ஒன்றை வாங்கி வந்துவிட்டாராம். "சமையலறைச் சிலிண்டரிலேயே மாட்டிவிடலாம், ரெகுலேட்டரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். மாமியார் கூடவே கூடாது என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார்.

சகோதரி, இந்த ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாமியார் பக்கம் பேசுங்கள். அதற்காக உங்கள் வீட்டுக்காரரின் ஆசை தவறென்று அர்த்தமில்லை. அதை நிறைவேற்ற ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. முதலில், கடைச் சட்டியில் இருக்கிற மாயம் என்ன என்று பார்ப்போம்.

மாயம் ஒன்றுமில்லை; தண்ணீர்க் கணக்குதான். கோசு, பீன்ஸ், குடமிளகாய் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சட்டியில் போட்டதும் அந்தத் தண்ணீர் கசிந்து வெளியே வருகிறது. வந்த வேகத்திலேயே அதை ஆவியாக்கி விரட்டிவிட்டால் காய் மொறுமொறுப்பாக, ஓரம் லேசாகக் கருகி, வாசனையோடு வதங்கும். விரட்ட முடியாவிட்டால் காய் தன் தண்ணீரிலேயே வெந்து துவண்டு போகும்.

வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் இரண்டு முதல் மூன்று கிலோவாட் சூடு தரும். சீன ஹோட்டல் அடுப்புகளோ முப்பது கிலோவாட்டைத் தொடுகின்றன. நூறு கிராம் தண்ணீரை ஆவியாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புச் சூட்டில் பாதிதான் சட்டிக்குள் போகிறது என்றே கணக்கிடுவோம். இரண்டரை கிலோவாட் அடுப்பில் அதற்கு மூன்றரை நிமிஷம் ஆகும். பத்து கிலோவாட் அடுப்பில் ஒரு நிமிஷம்கூட ஆகாது. உங்கள் சமையலுக்கும் கடைச் சமையலுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். கைப்பக்குவத்தில் குறையில்லை!

அந்தச் சட்டுச் சூட்டில் பிறக்கும் வாசனையைக் கான்டன் நகரத்துச் சீனர்கள் 'வோக் ஹே' என்கிறார்கள். 'சட்டியின் மூச்சு' என்று சொல்லலாம். சட்டியைத் தூக்கிப் போடுவதைப் பற்றி விஞ்ஞானிகளே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹங்டாங் கோ, டேவிட் ஹூ என்ற இருவர் சமையல்காரர்களைப் படம் பிடித்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைதேர்ந்தவர்கள் மூன்று விநாடிக்கு எட்டுத் தடவை சட்டியைக் குலுக்குகிறார்களாம்! சோறு மேலே போய் ஆறிக் கீழே வருவதால்தான் அத்தனை சூட்டிலும் கரிவதில்லை. இதே வேலையால் சமையல்காரர்களுக்குத் தோள்வலி வருவதையும் அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே வீட்டில் நாம் அந்த வித்தை காட்ட வேண்டியதில்லை. நீளக் காம்பு போட்ட இரும்புச் சட்டுவத்தால் அடியிலிருந்து புரட்டிக் கொடுத்தாலே போதும்.

பெருந்தீச் சமையல் சீனாவிலிருந்து வந்த புதுமை மட்டும் அல்ல. காவிரிக்கு அந்தக் கரையில் ஈரோடு, இந்தக் கரையில் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயரால் வழங்கும் கோழி வறுவலுக்கு மசாலாப் பொடி எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். கறி தன் நீரிலேயே வெந்ததும், கடைசியில் தீயைத் தூக்கிவிட்டுச் சுருளச் சுருள வறுக்கிற அந்தச் சில நிமிஷங்களில்தான் அதன் ருசி இருக்கிறது. சைவக்காரர்கள் இதே முறையில் காலிபிளவரையோ காளானையோ செய்து பாருங்கள்.

இனி, கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். கேஸைப் பற்றி நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன! தென்னாட்டில் துறைமுகங்களிலிருந்தும் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் சிலிண்டர் நிரப்பும் நிலையங்களுக்குக் கேஸ் சுமந்து போகும் டாங்கர் லாரிகளில் ஏராளமானவை நாமக்கல்லைச் சேர்ந்தவை. 2025 மார்ச்சில் அந்த லாரி உரிமையாளர்கள் சில நாள் வேலைநிறுத்தம் செய்தபோது தென்னிந்தியா முழுவதுமே கவலைப்பட்டது.

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக அடைபட்டிருக்கிறது. வெளியே வந்தால் ஒரு பங்கு திரவம் சுமார் இருநூற்றைம்பது பங்கு வாயுவாக விரியும். உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேலும் பல கிலோ அழுத்தம். அதைச் சுமார் முப்பது கிராமாக அடக்கி அடுப்புக்கு அனுப்புகிற காவல்காரன்தான் வீட்டு ரெகுலேட்டர். ஹோட்டல் பர்னருக்கு இந்த அழுத்தம் போதாது. அதனால் காவல்காரனை நீக்கிவிட்டு வேறு திருகு ரெகுலேட்டர் மாட்டுகிறார்கள் சிலர். சமையலறையில் இருக்கும் மெல்லிய ரப்பர் குழாயோ பழைய அடுப்போ அந்த அழுத்தத்துக்கு ஏற்பட்டதல்ல. 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர், அதன் ரெகுலேட்டர், குழாய் எல்லாம் சேர்ந்து ஒரே ஏற்பாடு. அதில் ஒன்றை மட்டும் நாமாக மாற்றி விபத்து நேர்ந்தால், எண்ணெய்க் கம்பெனிகள் செய்து வைத்திருக்கும் காப்பீட்டைக் கேட்பதும் சிக்கலாகிவிடும். இதனால்தான் மாமியார் பக்கம் பேசச் சொன்னேன்.

பெரிய பர்னர் வேண்டுமானால் சமையலறைச் சிலிண்டரைத் தொடாமல், ஏஜென்சிக்கு நேரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்கள் அனுமதிக்கிற தனிச் சிலிண்டர், அதற்குரிய ரெகுலேட்டர், கம்பி வலை போட்ட உயர் அழுத்தக் குழாய், எல்லாவற்றையும் அவர்கள் ஆளே வந்து பொருத்தட்டும். ஆனால் வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து கிலோவாட் பர்னர் முழுத் தீயில் மணிக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கேஸ் குடிக்கும். ஞாயிறுதோறும் அரை மணி எரித்தால், 19 கிலோ வர்த்தகச் சிலிண்டர் ஏறக்குறைய ஒரு வருஷம் வரும். வருஷம் முழுக்க அதைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்ற இடமும் பொறுப்பும் நம் வீட்டில் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

இருக்கிறது என்றால், இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலே வெட்டவெளியாக இருக்கவேண்டும். கொட்டகைக்கு அடியில், தார்ப்பாய்க்கு அடியில், அடுக்குமாடி வீட்டு பால்கனியில், இங்கெல்லாம் கூடவே கூடாது. நம் பக்கத்துப் பொடக்காலிதான் சரியான இடம். ஆனால் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே சாக்கடை வாய், கிணற்றடி, தொட்டிக் குழி இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். துணி காயும் கொடியும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற சீமை இது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று தீயை ஒரு பக்கம் சாய்த்துவிடும்; சில சமயம் அணைத்தும் விடும். அடுப்புக்கு மேற்கே ஒரு சுவர் இருந்தால் நல்லது. நாலு பக்கமும் தகரம் வைத்து மறைத்துவிடாதீர்கள், காற்றோட்டம் வேண்டும். பலமாகக் காற்றடிக்கிற நாளில் பேரடுப்புக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

அடுப்புக்கு இரும்பு ஆங்கிளில் மூன்று கால் வைத்து, கால்களை நன்றாக அகட்டிப் பற்றவைத்த ஸ்டாண்டு போதும். மூன்று கால் என்றால் மேடு பள்ளமான தரையிலும் ஆடாது. சட்டியின் விளிம்பு உங்கள் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அடி உருண்டையான சட்டி அசையாமல் உட்கார மேலே ஒரு வளையம் அவசியம். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்கவேண்டும். குழாய் எட்டுகிற அளவுக்கு அடுப்பிலிருந்து தள்ளி, சூடு படாத இடத்தில் இருக்கட்டும்.

மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு என்று அர்த்தம். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுவது எமனை வாசலுக்கு அழைப்பதாகும். பற்றவைக்கும்போது முதலில் நெருப்பைக் காட்டி, பிறகு பர்னர் திருகை மெள்ளத் திறக்கவேண்டும். அணைக்கும்போது முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிஞ்சியது எரிந்து தீர்ந்ததும் பர்னரை மூடுங்கள். கேஸ் நாற்றம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் விலகிப் போய், 1906 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். எந்நேரமும் பதில் சொல்வார்கள்.

பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு பெரிய மூடி. சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் கேஸை நிறுத்தி மூடியைப் போட்டு மூடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், எரிகிற எண்ணெய் வாரி இறைக்கும். நைலக்ஸும் பாலியெஸ்டரும் இந்த அடுப்புக்கு முன் வேண்டாம். தீப்பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புடவையை முந்தானை தொங்காமல் இறுக்கிச் செருகிக்கொண்டு, பின்னலையும் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கவேண்டிய இடம் வாசல்படிக்கு உள்ளே.

சட்டி இரும்பாக இருக்கவேண்டும். கஞ்சமலை இரும்புக்குப் பேர்போன ஜில்லா இது. 1830-இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பியிருந்தார். மெல்லிய இரும்பு வடச்சட்டி போதும். 'நான்ஸ்டிக்' சட்டியை இந்தத் தீயில் வைக்காதீர்கள். அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைந்து கெட்ட புகை விடும். புதுச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கடலெண்ணெயை மெலிதாகத் தடவிப் புகையும்வரை சூடாக்குங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் கறுத்து வழவழப்பாகிவிடும். பிறகு அதில் புளிக்குழம்பு மட்டும் வைக்காதீர்கள், பட்ட பாடெல்லாம் வீணாகும்.

சமைக்கும்போது எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் நறுக்கித் தயாராக இருக்கவேண்டும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது உப்பு டப்பாவைத் தேடி உள்ளே ஓடக்கூடாது. காய்களைக் கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனே சமைக்காவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். சாதாரணச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும். எண்ணெய், பூண்டு, நாமக்கல் முட்டை, கெட்டிக் காய், இலைக் காய், சோறு, கடைசியில் உப்பும் மிளகும் என்பது வரிசை. ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் போடாதீர்கள்.

புழக்கடை இல்லாதவர்கள் ஏங்க வேண்டாம். இரும்புச் சட்டியை வீட்டு அடுப்பிலேயே நன்றாகப் புகையக் காயவையுங்கள். ஒரு ஆளுக்கு உரியதை மட்டும் போட்டு வதக்கி எடுத்துவிட்டு, சட்டியை மறுபடி காயவைத்து அடுத்த ஈடு போடுங்கள். தண்ணீர் கொஞ்சமாகக் கசிந்தால் சின்ன அடுப்பும் அதை விரட்டிவிடும். பத்து நிமிஷம் அதிகமாகும், அவ்வளவுதான். கிராமத்துப் பக்கம் தோட்டம் உள்ளவர்களுக்கோ கவலையே இல்லை. பரமத்தி வேலூர்த் தென்னந்தோப்புகளில் குவிந்து கிடக்கும் கொட்டாங்குச்சி, மூன்று கல் கூட்டிய அடுப்பில் எந்த பர்னருக்கும் ஈடாக எரியும். வீட்டுக்காரர் வாங்கிவந்துவிட்ட பர்னரைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு விஷயம். பேரடுப்பு வாங்கலாமா என்று ஆண்கள் தீர்மானிக்கிறார்கள். அதன் முன்னால் நிற்கப் போகிறவள் யார் என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. அனல் நம் முகத்தில் அடிக்கப் போகிறதென்றால், வேண்டும், வேண்டாம் என்று சொல்கிற முதல் உரிமையும் நம்முடையதுதான். "வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை சட்டுவம் உங்கள் கையில்" என்று ஒரு நிபந்தனை போட்டுப் பாருங்கள். சம்மதித்தால் வீட்டுக்கு ஒரு நல்ல சமையல்காரர் கிடைத்த மாதிரி. சம்மதிக்காவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்தது!