கிருஷ்ணா: பங்கீடு உண்டு, பஞ்ச காலத்துக்கு விதி இல்லை

புது தில்லி: தெலங்கானா சட்டப்பேரவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளான 2023 நவம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில், நாகார்ஜுன சாகர் அணைக்குள் ஆந்திர போலீஸார் நுழைந்தனர். அணையின் 26 மதகுகளில் 13-ஐத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, வலது கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டனர். குடிநீருக்காகவே திறந்ததாக ஆந்திரம் கூறியது. அத்துமீறல் என்று தெலங்கானா குற்றஞ்சாட்டியது. மத்திய உள்துறைச் செயலர் தலையிட்டு, நவம்பர் 28-ஆம் தேதி நிலைக்குத் திரும்ப இரு மாநிலங்களையும் சம்மதிக்க வைத்தார். அணைக்கு மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் காவல் போடப்பட்டது.

இதைத் தேர்தல் நேரத்து அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்டாகப் பதிவானது. நீர் வரத்துக் குறைந்த அணையில், எவருக்கு எவ்வளவு என்று உடனே சொல்லும் விதிமுறை இல்லாததன் விளைவே அந்த மோதல்.

பழைய கணக்கு

மகாபலேசுவரத்தில் பிறந்து நான்கு மாநிலங்களின் வழியே சுமார் 1,400 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கும் கிருஷ்ணாவுக்கு, 1969-இல் அமைக்கப்பட்ட பச்சாவத் நடுவர் மன்றம் பங்கீடு வகுத்தது. நூறு ஆண்டுகளில் 75 ஆண்டுகள் உறுதியாகக் கிடைக்கக்கூடிய நீர் 2,060 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, மகாராஷ்டிரத்துக்கு 560, கர்நாடகத்துக்கு 700, அன்றைய ஆந்திரத்துக்கு 800 என ஒதுக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து மின் உற்பத்திக்காகத் திருப்பப்படும் கொய்னா நீர் 67.5 டி.எம்.சி.யும் மகாராஷ்டிரத்தின் பங்கில் அடங்கும்.

மீதமுள்ள 25 ஆண்டுகளில் என்ன செய்வது? மாநிலங்கள் எந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுக்கவில்லை. உபரி நீரைப் பயன்படுத்தும் வாய்ப்பு கடைமடை மாநிலமான ஆந்திரத்துக்கு அளிக்கப்பட்டது. பற்றாக்குறையின் சுமையும் நடைமுறையில் அதன் தலையிலேயே விழுந்தது.

2004-இல் அமைக்கப்பட்ட பிரிஜேஷ் குமார் நடுவர் மன்றம், 47 ஆண்டு நீர்வரத்துப் பதிவை ஆராய்ந்து, சராசரி அளவான 2,578 டி.எம்.சி. வரை பங்கிட்டது. 2013-இல் வெளியான அதன் இறுதி அறிக்கைப்படி மகாராஷ்டிரத்துக்கு 666, கர்நாடகத்துக்கு 907, ஆந்திரத்துக்கு 1,005 டி.எம்.சி. இதற்கிடையே, தீர்ப்பை அரசிதழில் வெளியிட உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது. அதன் பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அது அரசிதழில் ஏறவில்லை.

மாறிவிட்ட மழை

இரண்டு நடுவர் மன்றங்களும் கடந்த கால மழையையே எதிர்காலத்துக்கு அளவுகோலாகக் கொண்டன. அந்த அளவுகோலே இப்போது ஆட்டம் கண்டுள்ளது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பருவநிலை மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்துள்ளது. குறிப்பிடத்தக்க சரிவு காணப்பட்ட பகுதிகளில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. கிருஷ்ணாவின் நீர்வரத்துக்கு ஆதாரமே அந்த மலைதான்.

மொத்த மழை குறைகிறது என்பது பாதி உண்மை. பெய்வது ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது என்பது மறுபாதி. 2009-இல் நாடு முழுவதும் பருவமழை 22 சதவீதம் பொய்த்தது. அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் ஸ்ரீசைலம் அணைக்கு வினாடிக்கு 25 லட்சம் கன அடி வெள்ளம் வந்து, கர்நூல் நகரமே மூழ்கியது. 2023 நவம்பரில் தண்ணீருக்காகப் போலீஸார் மோதிய அதே ஆற்றில், பத்தே மாதங்களுக்குள், 2024 செப்டம்பர் தொடக்கத்தில், விஜயவாடா பிரகாசம் தடுப்பணையிலிருந்து இதுவரை இல்லாத அளவாக 11 லட்சம் கன அடிக்கும் மேல் கடலுக்குச் சென்றது.

இத்தகைய ஆற்றில் ஆண்டுச் சராசரியைப் பங்கிடுவதால் மட்டும் பயனில்லை. எந்த வாரத்தில், எந்த அணையில், எவ்வளவு நீரைத் தேக்குவது, எவ்வளவு திறப்பது என்பதே விவசாயியின் பயிரைத் தீர்மானிக்கிறது.

சட்டம் சொன்னது, நடக்கவில்லை

இதை நாடாளுமன்றம் அறியாமல் இல்லை. 2014-ஆம் ஆண்டின் ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு, நீர்வரத்துக் குறையும் காலங்களில் திட்டவாரியாகத் தண்ணீர் திறப்பதற்கான நடைமுறையை நடுவர் மன்றமே வகுக்க வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. இதற்காகவே மன்றத்தின் காலம் நீட்டிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கடந்தும் நடைமுறை வரவில்லை. மதகில் போலீஸார் வந்தனர். 2015-இல் செய்துகொண்ட இடைக்கால ஏற்பாடு (811 டி.எம்.சி.யில் ஆந்திரத்துக்கு 512, தெலங்கானாவுக்கு 299) மட்டுமே கைவசம் இருந்தது. அதையும் தெலங்கானா ஏற்க மறுத்து, சரிபாதி கேட்டது. மோதலுக்கு முந்தைய மாதத்தில்தான், இரு மாநிலப் பங்கீட்டுக்கான புதிய ஆய்வு வரம்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அதே சட்டத்தின் கீழ் உருவான கிருஷ்ணா நதி மேலாண்மை வாரியத்தின் அதிகார வரம்பை, 2021 ஜூலையில்தான் மத்திய அரசு அறிவிக்கை செய்தது. அணைகளை முழுமையாக ஒப்படைக்க மாநிலங்கள் முன்வரவில்லை. மதகின் சாவி இல்லாத வாரியம், பஞ்ச காலத்தில் கடிதம் எழுதுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

தில்லியின் பொறுப்பு இங்கு முடிவதில்லை. நிரந்தரமான ஒரே நடுவர் மன்றம், தீர்ப்புக்குக் காலக்கெடு, அரசிதழில் வெளியாகக் காத்திராமலே தீர்ப்பு செல்லுபடியாவது, நாடு தழுவிய நீர்த் தகவல் தொகுப்பு ஆகியவற்றைக் கொண்ட நதிநீர்த் தகராறு திருத்த மசோதா 2019 ஜூலை 31-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. 2024 ஜூனில் 17-ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது. 2017-இல் கொண்டுவரப்பட்ட மசோதாவுக்கும் 16-ஆவது மக்களவையுடன் இதே கதிதான் நேர்ந்தது.

மாநிலங்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. அரசியல் சாசனப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது; அதிகாரம் தில்லியில் குவிந்தால் அரசியல் சாய்வு வரும் என்ற ஐயமும் உண்டு. ஆயினும், மதகில் மத்தியப் படை நிற்கும் நிலையை விடவா, நான்கு மாநிலங்களும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் விதிமுறை அதிகாரக் குவிப்பாகிவிடும்?

சென்னையின் பங்கு

தமிழகத்துக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு. மூன்று மாநிலங்களும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்ததால் உருவான தெலுங்கு கங்கைத் திட்டப்படி, வழியில் ஏற்படும் இழப்பு போக 12 டி.எம்.சி. சென்னைக்கு வர வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அது முழுமையாக வந்ததில்லை. மேலே பற்றாக்குறை என்றால், கால்வாயின் கடைசியில் இருக்கும் நகரமே முதலில் இழக்கிறது.

பற்றாக்குறைக் காலத்தில் பங்குகளை விகிதாசாரப்படி குறைக்க வேண்டும் என்ற கோட்பாடு காவிரித் தீர்ப்பில் உண்டு. அங்கும் 2023-இல் தகராறு மூண்டது. ஆனால், பேசித் தீர்க்க ஒரு குழுவும் ஆணையமும் இருந்தன. கிருஷ்ணாவுக்குத் தேவையானவையும் அவையே: குடிநீருக்கு முதலிடம், நிற்கும் பயிருக்கு அடுத்த இடம், இரு வாரங்களுக்கு ஒருமுறை நீரிருப்பைப் பார்த்துத் திருத்தப்படும் விகிதம், எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நீர்வரத்துக் கணக்கு. இவற்றை அணை நிரம்பியிருக்கும் ஆண்டில் பேசி முடிப்பதே எளிது. அணை வறண்ட பின் எந்த முதல்வராலும் விட்டுக்கொடுக்க இயலாது. 89-ஆவது பிரிவு கேட்ட அந்த நடைமுறை எப்போது வரும் என்று மத்திய ஜலசக்தி அமைச்சரிடம் கேட்க, நான்கு மாநில எம்.பி.க்களுக்கும் அடுத்த வறட்சி வரை அவகாசம் இருக்கிறது.